அந்தப் பாண் வேறு, இந்தப் பாண் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

நாம் சம்பலோடு சாப்பிடும் பாண் (சென்னையில் 'பிரெட்' என்பார்கள்) சங்ககாலத் தமிழ்ச் சொல்தான் என்று சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சான்றுக்குப் புறநானூற்று 180ஆம் பாட்டில் வரும் 'பாண் பசிப் பகைஞன்' என்ற தொடரையும் காட்டியிருந்தார். முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம், படிக்கிற பிள்ளைகள் நம்பிவிடுவார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பாண், பாணர் குலம். ஈர்ந்தூர்த் தோயன் மாறன் பெரிய செல்வன் இல்லை. ஆனாலும் இல்லையென்று சொல்லத் தெரியாதவன். பாணரின் பசிக்குப் பகைவன் என்கிறார் புலவர். நாம் போய்க் கேட்டால், அவன் தன் ஊர்க் கொல்லனிடம் போய் வேல் வடித்துத் தரச் சொல்லி இரப்பானாம். கவனியுங்கள், கொல்லனிடம்! பேக்கரிக்காரரிடம் அல்ல.

நம்முடைய பாண் போர்த்துக்கேயச் சொல். 1505இல் இங்கே இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் மூக்கால் சொன்ன அந்தச் சொல் சிங்களத்திலும் நம் தமிழிலும் பாணாகிவிட்டது. 1543இல் அவர்கள் ஜப்பானிலும் இறங்கினார்கள். இன்றும் ஜப்பானியர் பாணை 'பன்' என்றுதான் சொல்கிறார்கள். ஜப்பான்காரரின் பன் நம் பாணுக்குச் சொந்தம். புறநானூற்றுப் பாண் நம் மொழியிலேயே இருந்தும் சொந்தமில்லை. ஒலியை மட்டும் வைத்து உறவு பார்ப்பதென்றால், 'என்ன, என்ன' என்று கூப்பிடும் பஸ் நடத்துநர் நம்மிடம் கேள்வி கேட்கிறார் என்றல்லவா ஆகும்? சிங்களத்தில் அது 'வாங்க'.

போன மாதம் சென்னையிலிருந்து மச்சான் வந்திருந்தார். விடியற்காலையில் "பாண் வாங்கிட்டு வரவா?" என்றேன். "காலங்காத்தாலயே வெத்தலையா?" என்றார். அவர் நினைத்தது இந்திக்காரரின் பான். அது இலையைக் குறிக்கும் 'பர்ண' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு, தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. ஒரு றாத்தல் ரோஸ் பாண் வாங்கினேன், கை சுட்டது. அரைப் பாணைத் தேங்காய்ச் சம்பலோடு மச்சானே முடித்தார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் பாண் பசிப் பகைஞன் அந்த ஓட்டோக்காரர்தான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 6