ஞாயிற்றுக்கிழமை இறைச்சியும் திங்கட்கிழமைக் கறியும்

லீட்ஸ்,
திங்கட்கிழமை இரவு.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. முட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அடுத்த பத்தியிலேயே, உன் மகள் எங்கள் வீட்டில் சாப்பிட்ட கதையைக் கேட்டுவிட்டு, "மாட்டிறைச்சியில் உலர் திராட்சையா? அது குழம்பா, பாயசமா?" என்று கேட்டிருக்கிறாய். இன்றும் அதையேதான் சமைத்தேன் என்பதால், கையில் மசாலா மணம் போவதற்குள் பதில் எழுதிவிடுகிறேன்.

என் மருமகள் யார்க்‌ஷயரில் பிறந்து வளர்ந்தவள்; மதியம் ரோஸ்ட் இல்லையென்றால் அவளுக்கு அது ஞாயிற்றுக்கிழமையே அல்ல. டாப்சைடு என்று இங்கே சொல்லும் பின்தொடை இறைச்சியில் 2 கிலோ அளவுக்கு ஒரே துண்டாக வாங்கி, உப்பும் மிளகும் தடவி, நடுவில் இளஞ்சிவப்பு மாறாதபடி ஓவனில் வேகவைத்து, மெல்லிய வில்லைகளாக அரிந்து, யார்க்‌ஷயர் புட்டிங் என்ற இனிப்பில்லாத மாவுப் பணியாரமும் உருளைக்கிழங்கும் இறைச்சிச் சாற்றில் செய்த கிரேவியும் சேர்த்துப் பரிமாறுவாள். ஆறு பேர் வயிறாரச் சாப்பிட்ட பிறகும் அரைக் கிலோ மிஞ்சும். முற்காலத்தில் இங்கே திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள் என்பதால், பெண்களுக்கு அடுப்படியில் நிற்க நேரமின்றி, முந்தைய நாள் இறைச்சியைக் குளிர்ந்தபடியே சாப்பிட்டார்கள். அது சலித்துப்போன வீடுகளில் கறிப்பொடி போட்டுச் சமைத்தார்கள். எங்கள் வீட்டில் அந்தத் திங்கட்கிழமை வேலை என் பொறுப்பு.

முதன்முதலில் இதைச் செய்தபோது, நம் ஊரில் பச்சை இறைச்சியைச் சமைப்பதுபோலவே மசாலாவில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். சட்டியில் மிஞ்சியது தேங்காய் நார்தான். நாகர்கோவில் சந்தையில் நாம் வாங்கும் எலும்பும் சவ்வும் சேர்ந்த இறைச்சி, வேகவேக அந்தச் சவ்வு கரைந்து குழம்பைக் கொழகொழப்பாக்கித் தானும் மெத்தென்று ஆகிவிடும். டாப்சைடிலோ கரைவதற்குச் சவ்வு அதிகமில்லை. ஏற்கெனவே ஒருமுறை வெந்த இறைச்சியை மறுபடி கொதிக்கவைத்தால், எஞ்சியிருக்கும் ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றிவிடும். ஆகவே நம் வழக்கத்தை அப்படியே தலைகீழாக்கி, குழம்பை முழுவதுமாகச் சமைத்து முடித்துவிட்டு, கடைசியில்தான் இறைச்சியைச் சேர்க்க வேண்டும் என்பது எனக்குப் புரியவே ஓர் ஆண்டு ஆயிற்று.

இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் அவசரப்படாமல் பொன்னிறமாக வதக்கிக்கொள்கிறேன். இஞ்சியும் பூண்டும் வதங்கியபின் தீயைக் குறைத்து, கறிப்பொடி ஒன்றரை மேசைக்கரண்டி போட்டு, அடிபிடிக்காமல் ஒரு நிமிடம் கிளறுகிறேன். கடைக் கறிப்பொடியில் வெந்தயம் தூக்கலாக இருக்கும். அந்தப் பச்சை வாசனை போகாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இந்த இடத்தில் ஆங்கிலேயர் மைதாவும் தூவுவார்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குப் பதிலாகத் தோல் சீவி நறுக்கிய புளிப்பு ஆப்பிள் ஒன்றைச் சேர்த்தால், அது குழைந்து குழம்பைத் தானே கெட்டியாக்கும். நம் வீட்டில் புளி செய்யும் வேலையையும் அதுவே செய்துவிடும். பிறகு மிஞ்சிய கிரேவியும் ஒரு தம்ளர் தண்ணீரும் ஊற்றி, உன்னைச் சிரிக்கவைத்த அந்த உலர் திராட்சையை ஒரு கைப்பிடி போட்டு, 20 நிமிடம் சிறுதீயில் விடுகிறேன். கிரேவியிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் ருசிபார்த்துத்தான் உப்பிட வேண்டும். அரை டின் தேங்காய்ப்பால் ஊற்றிச் சூடானதும், நாருக்குக் குறுக்காக அரிந்து வைத்த இறைச்சியைப் போட்டு, உள்ளே வரை ஆவி பறக்கச் சூடாகும் மட்டும் வைத்திருந்து இறக்கிவிடுகிறேன். ஐந்தாறு நிமிடம் போதும்.

நாம் இருவரும் மருத்துவமனை வார்டில் வேலை பார்த்தவர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: மிஞ்சிய ரோஸ்ட்டை, சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும், இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், ஒருமுறைக்கு மேல் சூடாக்கக் கூடாது.

மிளகாய் ஏன் போடுவதில்லை என்று நீ கேட்பாய். பேரப்பிள்ளைகள் காரம் தாங்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டுமல்ல. ஓவனில் சிவந்து முறுகிய அந்த மேற்புறத்துக்கென்று ஒரு சுவை உண்டு, மிளகாய்த்தூள் ஒரு கரண்டி விழுந்தாலும் அது அடங்கிப்போகும். இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தம் சமையல் நூலில் எழுதிய கறிக் குறிப்பில் மிளகாயே கிடையாது. முப்பது மிளகும், கரி அள்ளும் சுத்தமான கரண்டியில் போட்டு நெருப்பின்மேல் வறுத்த கொத்தமல்லி விதையும்தான். சங்கப் பாடல்களிலும் கறி என்றால் மிளகுதானே! நமக்கோ இன்று கறி என்றால் இறைச்சி. நம்மிடமிருந்து அந்தச் சொல்லை வாங்கியவர்களுக்கு அது குழம்பு. ஆக, திங்கட்கிழமைதோறும் நான் கறிக்குள் கறியைப் போட்டுச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

தேங்காய்க்கொத்து போட்டுக் கறுக்க வறுத்த உன் கைப்பக்குவ இறைச்சிக்கு இது ஈடாகும் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்காதே என்றுதான் சொல்கிறேன். உன் மகள் வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாள். போன முறை திராட்சையை எல்லாம் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கிவைத்துவிட்டு, குழம்பை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். அதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

அன்புடன்,
உன் பழைய தோழி