தையல் மெஷினுக்கு ஸ்பேர் கிடைக்குது, டேப்புக்கு ஏன் கிடைக்கல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வேலூர் கொசப்பேட்டைல 19 வருஷமா லேடீஸ் டெய்லர் கடை வச்சிருக்கேன். போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர், விலை கம்மி டேப்லெட் வாங்கறதும் காச பாலாத்துல போடறதும் ஒண்ணுதான்னு எழுதியிருந்தாரு. பாலாத்துல போட்டா கூட எடுத்துக்கலாம் சார், அதுல தண்ணி எங்க இருக்குது. அத படிச்சதுலேர்ந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். எனக்கு பேசற மாதிரிதான் எழுத வரும், தப்பு இருந்தா திருத்திக்கோங்க.

மொதல்ல பேருலயே கொழப்பம். எங்க ஊர்ல டேப்லெட்டுன்னா சிஎம்சி ஆஸ்பத்திரில க்யூல நின்னு வாங்கினு வர மாத்திரைதான். தையக்கடைல டேப்புன்னா இன்ச் டேப்பு. இந்த டேப்லெட்ட வாங்கினு வந்த அன்னிக்கு ஹெல்ப்பர் பொண்ணுகிட்ட "அந்த டேப்ப எடும்மா"ன்னேன், அது கழுத்துல தொங்கறத கழட்டிக் குடுத்துது. அப்புறம் பெரிய டேப்பு, சின்ன டேப்புன்னு நாங்களே பேரு வச்சுக்கினோம்.

2022 ஆகஸ்ட்ல வாங்கினேன், 10 இன்ச், 8,200 ரூபா. அதுக்கு முன்னாடி ஜாக்கெட் டிசைன் புக்கு வச்சிருந்தேன், வருஷத்துக்கு ரெண்டு வாங்குவேன், பாதிப் பக்கம் கிழிஞ்சு போயிருக்கும், பிடிச்ச டிசைன நைசா கிழிச்சு பர்ஸ்ல வச்சுக்கினு போறவங்களும் இருக்காங்க, யாருன்னு தெரிஞ்சும் கேக்க முடியாது, கஸ்டமராச்சே. அப்புறம் போன்ல காட்ட ஆரம்பிச்சேன். ஆனா கல்யாணப் பொண்ணுன்னா தனியா வராது, அம்மா, சித்தி, அக்கா, நாத்தனாருன்னு ஆறு பேரு வருவாங்க, ஆறு பேரும் ஒரு போன்ல தலய விட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது, நடுவுல எனக்கு போன் வந்துரும். பெரிய டேப்பு வந்ததும் கட்டிங் டேபிள்ல நிக்க வச்சேன். பானை கழுத்து, போட் நெக்கு, பிரின்சஸ் கட்டு, கைல ஆரி ஒர்க்குன்னு ஒரு போல்டருக்கு ஒண்ணா பிரிச்சு வச்சேன், அவங்களே தள்ளிப் பாத்து இதுதான்னு கை வச்சு காட்டுவாங்க. "நான் இப்டி சொல்லலியே"ன்ற சண்ட பாதி கொறஞ்சுது. அந்த வருஷம் ஆவணி, தை ரெண்டு முகூர்த்தத்துலயே போட்ட காசு வந்துருச்சு. குப்பன்னு சொல்றவங்களுக்கு இதுக்கு மேல என்னான்னு சொல்றது.

அளவையும் அதுலதான் வச்சிருந்தேன். தமிழ்ல பேசினா அதுவே டைப் பண்ணிக்கும். மெஷின் சத்தத்துல "பின் கழுத்து ஏழு"ன்னா "பெண் கழுத்து ஏழு"ன்னு போட்டுரும், பாத்துப் பாத்து சிரிப்போம், ஆனா நம்பர் மட்டும் பெரும்பாலும் சரியா இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனா பொண்ணு கைக்கு போயிரும். ஸ்கூல் புக்குல 2018-ல புது பாடத்திட்டம் வந்தப்போலேர்ந்து க்யூஆர் கோடு போட்டிருக்காங்கல்ல, அத இந்த டேப்பு கேமரால ஸ்கேன் பண்ணா எடுக்கவே எடுக்காது. வில கம்மி டேப்புல பின்னாடி கேமரா ஒரே தூரத்துலதான் தெளிவா பாக்குமாம், கிட்ட கொண்டாந்தா மங்கிரும். போன்ல ஸ்கேன் பண்ணி லிங்க இதுக்கு அனுப்பி வீடியோவ பெருசா பாப்போம். மாமியாருக்கு கண்ணு ஆபரேஷன் ஆனது, காலைல உங்க பேப்பர இதுலதான் எழுத்த பெருசு பண்ணி படிப்பாங்க, முக்கியமா காரிய விளம்பரம்.

கொறையே இல்லன்னு சொல்ல வரல. அட்டப்பெட்டில 32 ஜிபின்னு போட்டிருந்துது, ஆன் பண்ணி பாக்கசொல்ல 11 ஜிபி ஏற்கெனவே போயிருச்சு, கேட்டா சிஸ்டத்துக்காம். ரேமு, அதான் ஆப் ஓடசொல்ல யூஸ் ஆவற மெமரி, 3 ஜிபி பிளஸ் 2 ஜிபின்னு கொட்ட எழுத்துல போட்டிருந்துது, அந்த பிளஸ்ஸு நெஜ ரேமே இல்ல சார், ஸ்டோரேஜ்லேர்ந்து கொஞ்சம் கிள்ளி ரேம் மாதிரி காட்டறது, வேகம் ஒண்ணும் ஏறாது. லைனிங் துணிய மேல் துணின்னு சொல்லி விக்கற கத. ஆண்ட்ராய்டு வாங்கின அன்னிக்கு எதுவோ இன்னிக்கும் அதேதான், ஒரு தடவ கூட அப்டேட் வரல. அதனால ஜிபே, பேங்கு சமாச்சாரம் எதையும் நான் அதுல போடவே இல்ல, புதுசா வாங்கறவங்களுக்கும் அதத்தான் சொல்லுவேன். பேரே கேள்விப்படாத கம்பெனியா இருந்தா பின்னாடி பிஐஎஸ் முத்திர (அரசாங்கத்தோட தர முத்திர) இருக்குதா, ஆர்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்குதான்னு பாத்துக்கோங்க, 2013-லேர்ந்து டேப்லெட்டுக்கு அது கட்டாயம். பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்குது, அந்த நம்பர அதுல போட்டா எந்த கம்பெனி பேர்ல பதிஞ்சிருக்குன்னு காட்டும்.

வேலூருன்னா வெயிலூரு, என் கடை வேற சிமெண்ட் ஷீட்டு. கத்திரி வெயில்ல மதியம் சார்ஜ் போட்டா டேப்பு இட்லி குண்டான் மாதிரி கொதிக்கும், அந்த பேட்டரிக்கு சூடு ஆகவே ஆகாது, உப்பிரும். அதனால சித்திர, வைகாசில காலைல கடை தொறக்கசொல்ல சார்ஜ் போட்டு 10 மணிக்கெல்லாம் எடுத்துருவேன். ஒரு வாட்டி சார்ஜே ஏறல. ஒரு கடைல காட்டினா சார்ஜிங் போர்டு போச்சு, 900 ரூபா ஆகும்னாங்க. வீட்டுக்கு கொண்டாந்து டார்ச் அடிச்சு ஓட்டைக்குள்ள பாத்தா ரோஸ் கலரா என்னமோ தெரியுது, போன மாசம் ஒருத்தங்களுக்கு வெட்டின காட்டன் துணியோட பஞ்சு. ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு பல்லு குத்தற குச்சியால மெல்ல நோண்டி எடுத்தேன், பழையபடி ஏறுது. 900 ரூபா மிச்சம். தையக்கடைக்காரங்க எல்லாரும் இத ஞாபகம் வச்சுக்கோங்க, ஊசியால மட்டும் நோண்டாதீங்க.

இனிமேதான் விஷயம். 2025 மே மாசம், வைகாசி 1-ம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா, அதுக்கு முன்னாடி ஒரு வாரம் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது, குடியாத்தத்துலேர்ந்தே துணி குடுக்கறவங்க இருக்காங்க. அந்த அவசரத்துல கட்டிங் கத்திரிக்கோலு கை நழுவி நேரா டேப்பு மேல விழுந்துருச்சு. பத்து இன்ச் கத்திரி, நல்ல வெயிட்டு. கண்ணாடியும் போச்சு, உள்ள டிஸ்ப்ளேவும் போச்சு, பாதி கருப்பு, மீதி பச்ச பச்சயா கோடு. தப்பு என்னோடதுதான், கம்பெனி மேல பழி போட வரல.

சர்வீஸ் சென்டர்ல குடுத்தேன். காசு குடுத்தே மாத்திக்கறேன்னுதான் சொன்னேன். 45 நாள் வச்சிருந்துட்டு "இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வரது நின்னு போச்சு, புதுசு எடுத்துக்கோங்கக்கா, ஆஃபர் இருக்குது"ன்னு திருப்பிக் குடுத்தாங்க. வாங்கி மூணு வருஷம் கூட ஆகல சார். அப்புறம் நம்ம ஊர்ல மொபைல் ரிப்பேர் பண்ற ஒரு தம்பிகிட்ட போனேன், நல்ல கைக்காரன். அவன் பிரிச்சுப் பாத்துட்டு சொன்னான், "அக்கா, போனுன்னா காம்போ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சொல்லி மறுநாளே வர வச்சுருவேன். இந்த டேப்புக்கு வராது. வந்தாலும் இந்த ரிப்பன்ல ஒரு நம்பர் கீது பாரு, அது ஒத்துப் போவணும், ஒரே மாடலுலயே ரெண்டு மூணு வித டிஸ்ப்ளே போட்டு வுட்ருக்கானுங்க." காம்போன்னா டிஸ்ப்ளேவும் டச்சும் ஒண்ணா ஒட்டி வரது, ரிப்பன்னா அத போர்டோட சேக்கற பட்ட ஒயரு.

பேட்டரி நல்லா இருக்குது, போர்டு நல்லா இருக்குது, ஸ்பீக்கர் பாடுது, உள்ள 400 பேரு அளவு இருக்குது, ஒரு கண்ணாடி இல்லாததால எல்லாம் செத்துப் போச்சு. அளவ மட்டும் கூகுள் அக்கவுண்ட்ல இருந்ததால போன்ல எடுத்துக்கினேன், அது சாமி புண்ணியம்.

நான் உக்காந்து தைக்கற மெஷின் எங்கம்மா 1984-ல வாங்கின உஷா கால் மெஷின். பெல்ட் அறுந்தா, ஷட்டில் தேஞ்சா, பாபின் கேஸ் போனா லாங்கு பஜார் பக்கம் நடந்து போயி அரமணி நேரத்துல வாங்கினு வந்து நானே மாட்டிக்குவேன். என்ன கம்பெனி, எந்த வருஷம்னு கடைக்காரர் கேக்கறதே இல்ல, ஏன்னா கால் மெஷின்ல முக்காவாசிக்கு ஒரே பாபின், ஒரே ஊசிதான். 40 வருஷத்துக்கு மேல ஓடுது. டேப்புல மாடலுக்கு மாடல் வேற ரிப்பன், வேற திருகு, பேட்டரிய கோந்து போட்டு ஒட்டி வச்சிருக்காங்க. மலிவா செய்யறது தப்பில்ல, எங்கம்மா மெஷினும் அந்தக் காலத்துல ஏழைங்க வாங்கற மெஷின்தான். மலிவுன்னா ரிப்பேரே பண்ண முடியாதுன்னு யாரு சொன்னது?

2011 அக்டோபர் 5-ம் தேதி டெல்லில அப்போ மத்திய மந்திரியா இருந்த கபில் சிபல், ஸ்டூடண்ட்ஸுக்குன்னு ஆகாஷ்ன்ற மலிவு டேப்லெட்ட வெளியிட்டது உங்க பேப்பர்லயும் வந்திருக்கும், 7 இன்ச், 256 எம்பி ரேம், அரசாங்கத்துக்கு ஒண்ணு 2,276 ரூபா. கட்ட வெரலால அழுத்தினாதான் கேக்கும்ன்ற ரகம் அது. அப்போலேர்ந்து இப்போ வரைக்கும் டேப்பு எம்மாம் நல்லா வந்திருச்சு, வேகமும் கூடிருச்சு, ஸ்கிரீனும் பெருசாயிருச்சு. ஆனா ஒடஞ்சா யாரு பாப்பாங்கன்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்ல. அதே 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அரசாங்க லேப்டாப் திட்டத்துல எங்க அண்ணன் பையனுக்கும் அப்புறமா ஒண்ணு கிடைச்சுது, அதுக்கு ரேமும் ஹார்டு டிஸ்க்கும் மாத்தி இப்பவும் வீட்டுல ஓட்டறாங்க, ஏன்னா அத திருகு கழட்டி மாத்த முடியுது.

அந்த அண்ணன் பையன் பெங்களூருல இந்த லைன்லதான் வேல செய்றான். ஐரோப்பால 2025 ஜூன் 20-லேர்ந்து போனுக்கும் டேப்லெட்டுக்கும் சட்டமே போட்டுட்டாங்களாம், ஒரு மாடல் விக்கறத நிறுத்தினாலும் அதுக்கப்புறம் 7 வருஷத்துக்கு முக்கியமான ஸ்பேர் கிடைக்கணும், கேட்டா 5 லேர்ந்து 10 வேல நாளுக்குள்ள அனுப்பணும், பேட்டரி 800 தடவ சார்ஜ் ஆனாலும் 80 சதவீதம் தாங்கணும். நம்ம நாட்டுல நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24-ம் தேதி ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு போர்ட்டல் தொறந்தாங்க. தொறந்தது நல்லதுதான், ஆனா அது கம்பெனிங்க தானா வந்து சேர்ற மாதிரி இருக்குது, எனக்கு பார்ட்ஸ் இல்லன்னவங்கள அதுல தேடினேன், காணோம்.

1915-ன்ற நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணேன், தமிழ்லயே பேசினாங்க, மரியாதயா பதிவு பண்ணிக்கினாங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போலாம்னும் சொன்னாங்க, 5 லட்சம் ரூபா வரைக்கும் உள்ள பொருளுக்கு அங்க பீஸ் கெடையாதாம், இது நெறய பேருக்கு தெரியாது. ஆனா ஸ்பேர் எத்தன வருஷம் வச்சிருப்போம்னு கம்பெனி எங்கயும் எழுதிக் குடுக்கலியே, நான் எத வச்சு கேக்கறது? அதான் சார் நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அட்டப்பெட்டி மேல விலையும் தேதியும் போடற மாதிரி, "இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே, பேட்டரி இத்தன வருஷம் வரைக்கும் கிடைக்கும்"னு தமிழ்ல போடணும்னு சட்டம் வரட்டும். ரெண்டு வருஷம்னு போட்டா ரெண்டு வருஷம்னு தெரிஞ்சே வாங்குவோம், ஏழுன்னு போட்டவனுக்கு ஐநூறு ஆயிரம் கூட குடுப்போம். எட்டாயிரம் ரூபா பெரிய கம்பெனிக்கு ஒண்ணுமில்லாம இருக்கலாம், ஜாக்கெட் தச்சு சேக்கறவளுக்கு அது எத்தன ராத்திரின்னு எனக்குத் தெரியும்.

கடைசியா வாசகர்களுக்கு ஒரு விஷயம், இத தயவுசெஞ்சு வெட்டிராம போடுங்க. ரிப்பேர் தம்பி சொன்னது, போர்டு செத்துப் போன அதே மாடல் ஒண்ணு கிடைச்சா அதோட டிஸ்ப்ளேவ கழட்டி இதுல போட்டுரலாமாம். என் மாடல் பேரு, ரிப்பன் நம்பர், என் போன் நம்பர் எல்லாம் தனியா ஒரு பேப்பர்ல எழுதி இந்த லெட்டரோட வச்சிருக்கேன், கேக்கறவங்களுக்கு உங்க ஆபீஸ்ல சொல்லுங்க. யாரு வீட்டு பீரோ மேலயாவது அப்படி ஒண்ணு சும்மா கிடந்தா எனக்குக் குடுங்க, காசும் தரேன், கூட லைனிங் வச்சு பைப்பிங் போட்டு ரெண்டு ஜாக்கெட்டும் தச்சுத் தரேன். தீபாவளிக்கு முன்னாடி கேட்டா மட்டும் முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொசப்பேட்டை, வேலூர்.