சொட்டு மருந்தின் பலனை அளக்கக் கருவி கோரி மனு

அனுப்புநர்: கண் மருத்துவ உதவியாளர்கள், வேலூர் மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: அரசு கண் பிரிவு ஒன்றில் புளோரோபோட்டோமீட்டரும் (கண்ணுக்குள் ஓடும் நீரின் வேகத்தை அளக்கும் கருவி) இரவு தங்க இரண்டு படுக்கைகளும் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பார்வை நரம்பை நலியவைக்கும் குளுக்கோமா நோய்க்குச் சொட்டு மருந்து போடுபவருக்கு நாங்கள் பார்ப்பது கண் அழுத்தம் மட்டுமே. 26 மி.மீ. (பாதரச அளவு) இருந்தது 19 ஆனால் மருந்து கேட்கிறது என்று சீட்டில் எழுதிவிடுகிறோம். கண்ணுக்குள் நீர் சுரப்பது குறைந்ததா, வடிவது கூடியதா என்பது அந்த எண்ணில் தெரியாது. டிமோலால் என்ற சொட்டு மருந்து சுரப்பைக் குறைக்கும். லட்டனோபிராஸ்ட் என்ற மற்றொரு சொட்டு மருந்து சுரப்பைத் தொடாமல் வடிகாலைத் திறந்துவிடும். பகலில் நிமிடத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் சுரக்கும் நீர், தூக்கத்தில் தானாகவே ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்நேரம் டிமோலாலுக்குப் பெரிதாக வேலையில்லை. காலை ஓ.பி.யில் எடுக்கும் அழுத்தம் இதைக் காட்டவே காட்டாது.

புளோரோபோட்டோமீட்டர் காட்டும். முந்தைய இரவு புளோரசின் சாயத்தை ஐந்து நிமிட இடைவெளியில் சில சொட்டுகள் விட வேண்டும். விடிவதற்குள் அது கருவிழியில் ஊறி, அதன் பின்னால் நீர் நிறைந்த முன்னறைக்கு இறங்கும். காலையில் இமையோரம் ஒட்டிய சாயத்தைக் கழுவிவிட்டு, 8 மணி முதல் 12 மணி வரை மணிக்கொரு முறை அளந்தால், சாயம் மங்கும் வேகத்திலிருந்து நீரோட்டம் கிடைக்கும்.

கருவி வந்தால் மட்டும் போதாது, முறை தவறக் கூடாது. மரப்பு மருந்து விட்டு முதலில் அழுத்தம் பார்த்துவிட்டால் கருவிழியின் மேல்தோல் இளகி, சாயம் உள்ளே இறங்குவது மாறிவிடும். அன்றைய கணக்கு வீண். அழுத்தம் கடைசியில்தான். கண்புரை அறுவை ஆன கண்ணில் சாயம் பின்பக்கமும் கசிவதால் ஓட்டம் பொய்யாகக் கூடித் தெரியும். ஒரு கண்ணில் டிமோலால் விட்டு மறுகண்ணோடு ஒப்பிடுவதும் ஆகாது. ரத்தத்தில் கலந்து அங்கும் கொஞ்சம் வேலை செய்யும். மருந்தில்லாத அளவு வேண்டுமென்றால் டிமோலாலை 4 வாரம் நிறுத்த வேண்டும். பார்வை நரம்பு நலிந்தவர்களிடம் அதைச் செய்யவே கூடாது.

பேர்ணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வருபவர் இரவு சாயம் விட்டுக்கொண்டு ஊருக்குப் போய், காலை 8 மணிக்குத் திரும்ப முடியாது. நள்ளிரவு அளவும் எடுக்க வேண்டும். படுக்கை கேட்பது இதற்காகத்தான்.

எனவே கருவியைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலம் பராமரிப்பு ஒப்பந்தத்துடன் வாங்கவும், பிரிக்காத லட்டனோபிராஸ்ட்டை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க, ஜெனரேட்டர் இணைப்புள்ள குளிர்பெட்டி ஒன்று தரவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கண் மருத்துவ உதவியாளர்கள்
வேலூர்