மருந்தடிப்பைப் பிற்பகலுக்கு மாற்ற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பத்தில் குடியிருந்துகொண்டு, கேரளத்தின் வண்டன்மேட்டுக்கு அருகில் மூன்று ஏக்கரில் ஏலம் பயிரிட்டு வருகிறேன். 2024 கோடையில் மழை பொய்த்து, இடுக்கி மாவட்டத்து ஏலச்செடிகள் கருகியதைப் பத்திரிகைகள் விரிவாகவே எழுதின. தப்பிய செடிகளில் பூச்சரம் விட்டுப் பூத்தும் காய் சரிவரப் பிடிக்காததைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை.

ஏலப்பூவின் ஆயுள் ஒரே நாள். விடிவதற்கு முன்பே விரியத் தொடங்கும் பூ, அன்றைக்கே மகரந்தம் சேராவிட்டால் உதிர்ந்துவிடும். சூல்முடி மகரந்தப்பைக்குச் சற்று மேலே அமைந்திருப்பதால் தானாகவும் சேராது. ஊதாக் கோடுகள் ஓடும் அந்த வெள்ளை இதழில் தேனீ இறங்கி, தேனுக்காகத் தலையை உள்ளே நுழைத்தால்தான் காய். பொந்துத்தேனீ, மலைத்தேனீ, கொசுத்தேனீ ஆகியவை முற்பகலில்தான் இந்த வேலையை அதிகம் செய்கின்றன, அடைமழையில் கூட்டைவிட்டு வெளியே வருவதில்லை. வாரக்கணக்கில் வறட்சியும் பிறகு நாள்கணக்கில் கொட்டும் மழையுமாகப் பருவம் மாறிவிட்ட இக்காலத்தில், அவற்றுக்குக் கிடைக்கும் தெளிவான காலைப்பொழுதுகளே குறைவு. அந்தச் சில காலைகளில்தான் நாங்கள் இலைப்பேனுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் மருந்தடிக்கிறோம்.

இதற்குக் காரணம் ஜீப் என்றால் நகரத்து வாசகர்கள் சிரிக்கக்கூடும். கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஆட்களை ஏற்றி வரும் ஜீப்புகள் இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டியிருப்பதாலும், மதியத்துக்குமேல் மழை பிடித்தால் அடித்த மருந்து வீணாகும் என்ற அச்சத்தாலும், வந்ததும் வராததுமாக டிரம்மில் மருந்து கலக்கப்படுகிறது. சென்ற ஆண்டு ஜூலையில் நானும் காலை எட்டு மணிக்கே அடிக்கச் சொன்னேன். பத்து மணிக்குச் சரத்தருகே குனிந்து பார்த்தபோது, பூவுக்குள் தலையை விட்டபடியே ஒரு தேனீ செத்திருந்தது. என்னுடைய இரண்டு தேனீப் பெட்டிகளின் வாசலிலும் அன்று மாலை பிணக்குவியல்.

பூக்காலத்தில் பிற்பகலில் அடிக்குமாறு வேளாண் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகவே சொல்லி வருகிறார்கள். ஆயினும் நான் ஒருவன் மட்டும் கடைப்பிடித்துப் பயனில்லை. அடுத்த தோட்டத்தில் காலையில் அடித்தால் என் பெட்டித் தேனீயும் அங்கே போய்ச் சாகும். எனவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலாவது மருந்தடிக்கும் ஆட்களுக்கெனத் தாமதமாகக் கிளம்பும் ஜீப்புக்கு, விவசாயிகள் சங்கங்களும் ஜீப் உரிமையாளர்களும் தொழிலாளர்களுடன் கலந்து பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். போடியிலும் புத்தடியிலும் ஏலக்காய் விற்பனை நடக்கும் இடங்களில் இந்த அறிவுரையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க நறுமணப்பொருள் வாரியம் முன்வர வேண்டும்.

இந்த ஆண்டு மருந்தடிக்கும் நாட்களுக்கு மட்டும் பத்து மணி ஜீப் ஒன்றைத் தனியாகப் பேசியிருக்கிறேன். நடைக்கு நானூறு ரூபாய் கூடுதல்; பக்கத்துத் தோட்டத்தார் இருவர் சேர்ந்துகொண்டால் அந்தச் செலவு மூன்றாகப் பிரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஏல விவசாயி ஒருவர்,
கம்பம்.