இழுவைக் கயிறு தளர்ந்தால்

காங்கேயம்

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

"அப்பா, கால்நடை டாக்டரா சொல்லுங்க, இந்த நாய்வண்டிப் பந்தயம் கொடுமையா இல்லையா?" என்று போனில் கேட்டாய். யோசித்து எழுதுகிறேன் என்றேன். அடுத்த பனிக்காலத்தில் நீயே பனிச்சறுக்கு வண்டியில் ஒரு சின்ன நாய் அணியைப் பூட்டி ஓட்டப் போவதாகச் சொல்கிறாய். அப்படியிருக்க ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் முடிக்க மனசு வரவில்லை. நீ ஊர் திரும்பாமல் அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸில் இன்னொரு வருடம் இருக்கப் போவதைப் பற்றி அம்மா உன்னிடம் தனியாகப் பேசுவாள். நான் நாய்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உடம்பிலிருந்தே தொடங்குகிறேன், என் பிழைப்பு அதுதானே. இந்த வண்டிகளை இழுக்கும் அலாஸ்கன் ஹஸ்கி என்பது சான்றிதழ் போட்டு விற்கும் சாதி நாய் இல்லை. ஓட்டம், பசி, பாதம் இந்த மூன்றையும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து எடுத்த நாய். எடை 20 முதல் 25 கிலோ, அவ்வளவுதான். பந்தய நாட்களில் அந்தச் சின்ன உடம்பு 10,000 கலோரிக்கு மேல் எரிக்கிறது. நாள் முழுக்க மூட்டை தூக்கும் ஆளுக்குக்கூட அதில் பாதி தேவைப்படாது.

ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிஸ் என்ற கால்நடை மருத்துவர் இவற்றைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். முதல் நாள் ஓட்டத்தில் எந்த மிருகத்துக்கும் ஆவதுதான் இவற்றுக்கும் ஆகிறது. தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை கரைகிறது, களைப்பின் அடையாளங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. ஆனால் அடுத்தடுத்த நாட்களும் அதே தூரம் ஓடவிட்டால், மோசமாவதற்குப் பதில் அந்த அளவுகள் பழைய நிலைக்கே இறங்கிவிடுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பு கொழுப்பை எரிக்கும் முறைக்கு மாறிக்கொள்கிறது. இதைப் படித்துவிட்டு நெடுநேரம் வாசலில் நடந்துகொண்டிருந்தேன். நாங்கள் கல்லூரியில் படித்த உடலியங்கியலில் இப்படி ஒரு மிருகம் கிடையாது.

அதே டேவிஸின் குழுதான், பந்தயம் முடித்த நாய்களின் இரைப்பைக்குள் கேமராக் குழாய் விட்டும் பார்த்தது. ஏறக்குறைய பாதி நாய்களுக்கு உள்ளே புண். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இப்போது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்து ஓட்டுகிறார்கள், அது பலன் தருகிறது. இரண்டையும் சேர்த்தே மனசில் வை, கண்ணு. இவ்வளவு ஓடக்கூடிய பிராணி வேறில்லை, தன் நோவை இவ்வளவு மறைக்கக்கூடியதும் வேறில்லை.

சாவும் உண்டு. ஆங்கரேஜிலிருந்து நோம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடும் ஐடிட்டராட் பந்தயத்தில் 2024இல் மட்டும் மூன்று நாய்கள் செத்தன. புறப்படும் முன் எல்லா நாய்க்கும் ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்திருந்தும் செத்தன. நாய் செத்தால் அந்த மஷர், அதாவது வண்டியோட்டி, பந்தயத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. அது சரியான விதி. எதிர்ப்பவர்கள் வேறொன்றும் சொல்கிறார்கள்: பல நாய்ப் பண்ணைகளில் ஓடாத நேரமெல்லாம் நாயைச் சங்கிலி போட்டு முளையில் கட்டியே வைக்கிறார்கள் என்று. அப்படிக் கட்டி வைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. நீ போகும் பண்ணையில் தினமும் அவிழ்த்து விடுகிறார்களா, கூட்டமாக ஓடி விளையாட வேலி போட்ட இடம் இருக்கிறதா என்று பார். அங்கே கூலியில்லாமல் உழைக்கிற உனக்குக் கேட்க உரிமை உண்டு.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த வண்டியில் கடிவாளமும் இல்லை, மூக்கணாங்கயிறும் இல்லை. நம் காளை முரண்டு பிடித்தால் கயிற்றைச் சுண்டலாம், வாலை முறுக்கலாம். அங்கே பதினாறு நாய்களைப் பூட்டினால் முன்னோடி நாய் உனக்கு இருபது மீட்டர் அளவுக்கு முன்னால் இருக்கும். நீ எல்லாவற்றுக்கும் பின்னால் சறுக்குக் கட்டையில் நிற்பாய். வலப்பக்கம் போக 'ஜீ', இடப்பக்கம் போக 'ஹா'. குரல் ஒன்றுதான் உன் கையில் இருக்கிறது. நடுக்காட்டில், மைனஸ் நாற்பது டிகிரியில், போகமாட்டேன் என்று பதினாறும் உட்கார்ந்துவிட்டால் எந்தப் பலசாலியாலும் அந்த வண்டியை நகர்த்த முடியாது.

பூட்டும் நேரத்து வீடியோ ஒன்றை நீ அனுப்பினாயே, அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என்ன கூச்சல்! எகிறுகின்றன, கயிற்றைக் கடிக்கின்றன, பக்கத்து நாய் மேல் விழுகின்றன. தரையில் குத்தியிருக்கும் கொக்கியைப் பிடுங்கியதும் அத்தனை சத்தமும் அப்படியே நின்றுபோகிறது. அடித்து ஓட்டப்படும் மிருகத்திடம் நான் அதைப் பார்த்ததே இல்லை. விருப்பம் இருக்கிறது என்பதற்கு எனக்கு அந்த ஒரு நிமிடமே சாட்சி. ஆனால் அந்த விருப்பம் வற்றாமல் நோமுக்குப் போய்ச் சேர்வதுதான் மஷரின் வேலை. நோம் வரைக்கும் போய் நாய்க்குக் கிடைப்பது என்ன, பரிசுப் பணமா? ஒன்றுமில்லை. அடுத்த நாளும் இந்த ஆளோடு ஓடலாம் என்று அது நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

2019 ஐடிட்டராடில் நடந்ததை உன் பண்ணைக்காரர் சொல்லியிருப்பாரோ என்னவோ. நிக்கோலஸ் பெட்டிட் என்ற மஷர் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பெரிங் கடலோரம், ஷாக்டூலிக்கைத் தாண்டி கோயுக் போகும் வழி. முந்தைய வருடம் இதே இடத்தில்தான் புயலில் தடம் மாறி, முதலிடத்தை இழந்து இரண்டாவதாக வந்திருந்தார். இந்த முறை பின்னால் வருபவர்கள் வெகு தூரத்தில். அணியில் ஒரு நாய் இளைய நாயொன்றை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இவர் அதன் மேல் கத்திவிட்டார். அது ஒன்றைத்தான் திட்டினார், ஆனால் கேட்டது எல்லா நாய்களும். அப்படியே நின்றுவிட்டன. தீனி போட்டார், காத்திருந்தார், வேறு அணிகள் தாண்டிப் போனால் எழுந்து பின்தொடருமா என்று பார்த்தார். எழவில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசுதான் என்று அவரே சொன்னார். ஜெயிக்க வேண்டிய பந்தயத்தை அங்கேயே விட்டு விலகினார். அந்த வருடம் யூபிக் பழங்குடியைச் சேர்ந்த பீட்டர் கைசர் வென்றார், தன் மக்களில் முதல் ஆளாக.

பெட்டிட்டை நான் குறை சொல்லவில்லை. தூக்கமில்லாமல் நாள் கணக்கில் நிற்கும் யாருக்கும் குரல் உயரும். நான் கவனித்தது நாய்களை. முந்தைய வருடம் தடம் மாறிய அதே பனிவெளி, அதே காற்று, இப்போது தலைவரின் குரலிலும் பதற்றம். இடத்தையும் குரலையும் சேர்த்து அவை ஒரு கணக்குப் போட்டிருக்கின்றன. பொய்யான தைரியத்தை அவற்றிடம் காட்ட முடியாது. உனக்குப் பயமாக இருந்தால் வண்டியை நிறுத்தி, நீ முதலில் அடங்கு. பிறகு அவற்றிடம் பேசு.

அதே ஷாக்டூலிக்குக்கு வெளியேதான் 1925 ஜனவரிக் கடைசியில் லியன்ஹார்ட் செப்பாலா தொண்டை அடைப்பான் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினார். நோம் ஊரில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நெனானாவிலிருந்து நோம் வரை 674 மைல், இருபது மஷர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் சேர்த்தார்கள். செப்பாலாவுக்கு விழுந்தது எல்லாவற்றிலும் ஆபத்தான பகுதி, நார்டன் சவுண்ட் என்னும் உறைந்த கடல். முன்னோடியாகப் போன டோகோவுக்கு அப்போது 12 வயது. நாய்க்கு அது கிழப்பருவம். புயலில், இருட்டில், பனிப்பாளம் எப்போது பிளக்கும் என்று தெரியாத வெளியில் மனிதக் கண்ணுக்கு என்ன வேலை? டோகோவை நம்பித்தான் அவர் போனார். கடைசிக் கட்டத்தை ஓடிய பால்டோ என்ற நாய்க்கு அந்த வருடமே நியூயார்க்கில் சிலை வைத்துவிட்டார்கள். டோகோவுக்கு அந்த நகரத்தில் சிலை வர 2001 ஆனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இடைத்தங்கலில் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். ஆனாலும் எழுதுகிறேன், பந்தயம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். வந்து நின்றதும் மஷர் உட்காரக்கூடாது. முதலில் எல்லாப் பாதங்களிலிருந்தும் துணிக் காலுறைகளைக் கழற்ற வேண்டும், நிற்கும்போது அவை ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். வைக்கோல் பரப்ப வேண்டும். அடுப்பு மூட்டிப் பனியை உருக்க வேண்டும். வெறும் தண்ணீரை நாய் குடிக்காது, இறைச்சியோ மீனோ போட்டுக் கரைத்துக் கொடுத்தால் குடிக்கும். பிறகு ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்த்துக் களிம்பு தடவி, முன்னங்கால் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு, தேவைப்பட்டால் சுற்றிக் கட்ட வேண்டும். மருத்துவர் வந்து இதயம், நீர்ச்சத்து, பசி, சுறுசுறுப்பு, எடை, நுரையீரல் எல்லாம் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் மனிதருக்குச் சாப்பாடு, மிஞ்சினால் ஒரு மணி நேரத் தூக்கம். பந்தயத்தில் ஒரு 24 மணி நேர ஓய்வும் இரண்டு எட்டு மணி நேர ஓய்வும் கட்டாயம். நல்ல மஷர் அதைவிட அதிகமாகவே நிற்கிறார்.

கண்ணு, ஈறை அழுத்திவிட்டு விரலை எடுத்தால் வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். இந்த இரண்டையும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீயே செய், மருத்துவர் வரும்வரை காத்திருக்காதே. முக்கியமாக முதல் நாளே ஒவ்வொரு நாயின் வழக்கத்தையும் எழுதி வை. எது தீனியைப் பார்த்ததும் பாயும், எது முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னும் என்று. முகர்ந்து தின்னும் நாய் தயங்கினால் பயமில்லை. பாய்கிற நாய் தயங்கினால் ஏதோ இருக்கிறது.

சூசன் பட்சர் என்ற மஷரைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். கால்நடை மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர் என்பதால் எனக்குக் கூடுதல் பாசம். 1985இல் அவர் அணி மேல் மூஸ் மான் ஒன்று பாய்ந்து மிதித்ததில் இரண்டு நாய்கள் செத்தன, பல காயம்பட்டன. பந்தயத்தை விட்டுவிட்டு நாய்களைப் பார்க்கப் போனார். அந்த வருடம்தான் லிபி ரிடில்ஸ் வென்று, முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். பிறகு பட்சர் 1986, 1987, 1988, 1990 என நான்கு முறை வென்றார். 1991இல் ஐந்தாவது வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பந்தயத்தின் கடைசிப் பகுதியில் வரும் வொயிட் மவுண்டன் இடைத்தங்கலைத் தாண்டியதும் கடும் பனிப்புயல். முதலில் போய்க்கொண்டிருந்த பட்சர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். ரிக் ஸ்வென்சன் புயலுக்குள்ளேயே போய், தன் ஐந்தாவது வெற்றியைப் பெற்றார். ஸ்வென்சன் துணிந்ததிலும் தப்பில்லை, அவர் நாய்களை அவர் அறிவார். நான் உன் அப்பா, எனக்குப் பட்சர் திரும்பி வந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. மறுபடி அவர் வெல்லவே இல்லை, அதனால் இன்னும் பெரிதாக.

உன் கேள்விக்கு என் பதில் இது: ஓட்டுவதில் கொடுமை இல்லை, நிறுத்தத் தெரியாமல் ஓட்டுவதில் இருக்கிறது. நாயின் முதுகிலிருந்து நடுக்கயிறுக்குப் போகும் இழுவைக் கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். அது தளர்ந்தால் அந்த நாய் ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை என்று அர்த்தம். ஏன் என்று உடனே இறங்கிப் பார். மணிக்கட்டா, தோளா, வயிறா, பக்கத்து நாயோடு சண்டையா? விடை தெரியாவிட்டால் அதை அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொள். இடைத்தங்கலில் ஒப்படைத்துவிட்டுக் குறைந்த நாய்களோடு போ. பதினாறோடு கிளம்பி ஐந்தோடு முடித்தாலும் விதி ஏற்கிறது. உன் சின்ன ஓட்டத்தில் யாரும் உன்னை ஜெயிக்கச் சொல்லவில்லை. நேரமாகிறது, பெயர் கெடும் என்றெல்லாம் யோசிக்காதே, சாமி.

அப்புறம் ஒரு காரியம் செய். அந்தப் பண்ணைக்காரரிடம், ஓட முடியாமல் வயதான நாய்களை என்ன செய்கிறீர்கள் என்று கேள். எந்தக் கொட்டகைக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது கிழட்டு மாட்டைத்தான். கிழ நாய்கள் வீட்டுக்குள் அடுப்போரம் படுத்திருந்தால், குட்டிகளுக்குத் தடம் பழக்கிக்கொண்டு சுற்றினால், தைரியமாக அவரிடம் தொழில் கற்றுக்கொள். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் அங்கே பூட்டாதே, வேறு பண்ணை பார். என்ன சொன்னார் என்று எனக்கு அப்படியே எழுது. நாய்களின் பெயர், வயது, எது எந்த இடத்தில் ஓடுகிறது என்பதையும் எழுது. பாதங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு, மேலிருந்து வேண்டாம், அடிப்பக்கம் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
அப்பா