மணல் புடிச்சு வைக்கும்னு எழுதிட்டீங்களே சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார நிலத்தடி நீர் கட்டுரைல, யுரேனியம் இருந்தாலும் ஆத்து மணல்ல ஒட்டிக்கும், டெல்டாக்காரங்க பயப்பட வேணாம்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. நான் பாபநாசம் பக்கம், 22 வருஷம் ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப்ல அட்டெண்டரா இருந்தவன். எழுதினவர் நல்ல மனசோடதான் எழுதியிருப்பாரு, ஆனா அந்த வரிய படிச்சுட்டு எங்க தெருவுல ரெண்டு வீட்ல ஆர்.ஓ. மெஷின நிறுத்திட்டு மணல் ஃபில்டர் போட்டுக்கலாமான்னு என்கிட்ட வந்து கேக்குறாங்க.

ஒட்டும்ங்கறது உண்மைதான் சார். எதுல ஒட்டும்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. சுத்தமான மணல் வழுவழுன்னு கண்ணாடிப் பொடி மாதிரி, அதுல பிடிமானம் ரொம்ப கம்மி. எங்க வீட்டு அடிபம்புல ராத்திரி குடத்துல புடிச்சு வச்சா காலைல அடியில செங்காவியா ஒரு படலம் படிஞ்சிருக்கும், வெரல் வச்சா வழுக்கும், வேட்டில பட்டா எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அந்த இரும்புத் துருதான் யுரேனியத்த இழுத்து வச்சுக்கும். மணல் மேல துரு பூசியிருந்தா அந்த மணலும் புடிக்கும், களியும் மக்குன எலதழையும் கூட புடிக்கும்.

ஆனா புடிச்சது அப்படியே இருந்துடாது. தண்ணியில பைகார்பனேட் ஜாஸ்தியா இருந்தா அது யுரேனியத்தோட சேந்துகிட்டு திரும்ப தண்ணிக்குள்ள இழுத்துட்டு வந்துடும், கூட கால்சியமும் இருந்தா ஒட்டுறது இன்னும் கம்மியாயிடும். அடியில காத்து படாத கருங்களியில யுரேனியம் கரையாத நெலைக்கு மாறி அடங்கிக் கெடக்கும், மோட்டார் போட்டு உறிஞ்சி நீர்மட்டம் எறங்கி காத்து உள்ள போச்சுன்னா மறுபடி கரைய ஆரம்பிச்சுடும். வயலுக்கு போடுற யூரியா நைட்ரேட்டா மாறி கீழ எறங்கினாலும் அதே கதைதான். இதையெல்லாம் விட்டுட்டு மணல் பாத்துக்கும்னு ஒத்த வரில முடிக்கலாமா?

அப்புறம் அந்த மணல் எங்க சார் இருக்கு? கொள்ளிடத்துல ராவும் பகலும் லாரி லாரியா அள்ளுனப்போ நான் எழுதின லெட்டர் உங்க பத்திரிகைல வரல. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு மேலணைல 9 மதகு அடிச்சுட்டுப் போனப்பறம்தான் ஆத்துல மணல் இல்லங்கறதே எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது. வண்டலும் 1934லேர்ந்து மேட்டூர் அணையிலயே பெரும்பாலும் தங்கிடுது. எங்க கடைமடை வாய்க்கால் தூர்வாரலன்னு போட்டோவோட அனுப்பினேன், அதுக்கும் பதில் இல்ல. மேட்டூர் தொறந்து பூ தூவுற படம் மட்டும் தவறாம வருது. கோவத்துல சொல்லல, 30 வருஷமா உங்க பத்திரிகை வாங்குற வருத்தத்துல சொல்றேன்.

போன சித்திரைல ரெண்டு லிட்டர் கேன்ல எங்க வீட்டு தண்ணிய புடிச்சுகிட்டு பஸ்ல போயி ஒரு லேப்ல குடுத்தேன். டிடிஎஸ், கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட் எல்லாம் போட்டாங்க, ஆல்கலினிட்டி 380ன்னு வந்துச்சு, அதாவது நான் மேல சொன்ன அந்த பைகார்பனேட் நெறயாவே இருக்கு. யுரேனியம்னு ஒரு வரியே இல்ல. கேட்டதுக்கு அதெல்லாம் இங்க பாக்குறதில்லன்னுட்டாரு அந்த தம்பி. எங்க தண்ணில யுரேனியம் இருக்குன்னு நான் சொல்ல வரல. பாக்காமலே பயப்பட வேணாம்னு சொல்லக்கூடாதுங்கறேன். என் சம்சாரத்துக்கு சுகரால கிட்னி கெட்டுப்போயி வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ். யுரேனியம் மொதல்ல கை வைக்கிறது கிட்னிலதான், கதிர்வீச்ச விட அதோட ரசாயன விஷம்தான் கெடுதல். இது தெரிஞ்சப்பறம் அந்த வரிய எப்படி சார் சும்மா படிச்சுட்டுப் போறது?

நான் கேக்குறது நாலு வரிதான். அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போடுங்க. லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்தான் குடிநீருக்கு வரம்பு, காய்ச்சினா யுரேனியம் போகாது, தண்ணி சுண்டி இன்னும் கெட்டியாகத்தான் ஆகும், சாதா மணல் ஃபில்டர நம்ப முடியாது, ஆர்.ஓ. பெரும்பகுதிய எடுத்துடும். கட்டுரை வந்த அதே பக்கத்துல, கண்ணுக்கு தெரியுற எழுத்துல போட்டா போதும்.

இப்படிக்கு,
பாபநாசம் வட்டார வாசகன்