காட்சிக்கூடங்களைப் புதுப்பிக்கும் முன் மூளை அறிவியல் அடிப்படையில் ஒரு சோதனை நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை

பொருள்: பார்வையாளர்களின் கவனத்தையும் மனத்தொடர்பையும் அளந்து, அதன்படி ஒரு கூடத்தை மாற்றி அமைத்துப் பார்க்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நான் 31 ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன். ஆண்டுதோறும் மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவேன். ஒரு வாரம் கழித்து, அங்கே பார்த்ததில் எது நினைவிருக்கிறது என்று எழுதச் சொல்வேன். பெரும்பாலும் பஸ் பயணத்தைப் பற்றியும் மதியச் சாப்பாட்டைப் பற்றியும்தான் எழுதுவார்கள். ஒருமுறை ஒரு மாணவி மட்டும் பழைய அரைக்கும் கல் ஒன்றைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அப்படி ஒரு கல் அங்கே இருந்ததே மற்றவர்களுக்குத் தெரியவில்லை. விசாரித்தேன். கூடத்தில் நின்ற காவலர் அவளிடம், "இதுல அரைச்சவங்க எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாங்க, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டிருக்கிறார். கல்லின் குழி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததை அவள் கண்டுபிடித்தாள். அங்கே ஒருத்தி முழங்காலிட்டு அமர்ந்து அரைத்தது அவள் மனதில் வந்துவிட்டது. விளக்க அட்டையில் இருந்ததோ பொருளின் பெயர், கல்லின் வகை, பதிவு எண், அவ்வளவுதான்.

அந்தக் காவலர் செய்தது அறிவியலுக்குப் பொருந்திய செயல். சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், இல்யா ரேப்பின் வரைந்த ஓவியம் ஒன்றை ஒருவருக்குக் காட்டி, கண்களின் அசைவைப் பதிவு செய்தார். படத்தில் இருப்பவர்களின் வயது என்ன என்று கேட்டபோது பார்வை முகங்களிலேயே சுற்றியது. அவர்களின் வசதி எப்படி என்று கேட்டதும் உடைகளுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் போனது. பார்ப்பதற்கு முன் காதில் விழும் கேள்வியே கண்ணை வழிநடத்துகிறது. அப்புறம், மனம் அசையும்போது மூளையில் உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொண்டு, பக்கத்திலேயே நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நினைவு ஆழமாகப் பதிய உதவுகிறது. அந்த மாணவிக்கு ஒரு வாரம் கழித்தும் கல் மறக்காததற்குக் காரணம் இதுவே என்று நம்புகிறேன்.

நம் கூடங்களில் இதற்கு நேர் எதிரான நிலைதான். ஒரு பெட்டிக்குள் நாற்பது பொருட்கள், எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில். மாறாத ஒன்றைத் தொடர்ந்து கண்டால் மூளை அதைக் கவனிப்பதையே குறைத்துக்கொள்ளும். மூன்றாவது பெட்டியை எட்டுவதற்குள் மாணவர்களின் நடை வேகமாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்ல என் மனம் ஒப்பாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலேயே, ஒரு தலைசிறந்த ஓவியத்தின் முன் மக்கள் நின்ற சராசரி நேரம் 27 விநாடிகள் என்று 2001-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. உடல் களைப்பும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன், குனிந்தும் வளைந்தும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும் மனிதரைப் படமெடுத்து, 'அருங்காட்சியகக் களைப்பு' என்று 1916-லேயே எழுதினார். அவர் காட்டிய வளைந்த முதுகை இன்றும் நம் கூடங்களில் காண்கிறேன்.

புதுப்பிக்கும் திட்டத்தில் தொடுதிரைகளுக்கும் ஒளிக்காட்சிகளுக்கும் பெரும் பங்கு ஒதுக்கப்படுவதாக அறிகிறேன். அதில்தான் எனக்குக் கவலை. நெதர்லாந்தின் மௌரித்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகம் ஓர் ஆய்வு செய்வித்து 2024-இல் வெளியிட்டது. பார்ப்பவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்ததில், அச்சுப் பிரதியைவிட மூல ஓவியம் உண்டாக்கிய உணர்வு பத்து மடங்கு வலுவாக இருந்ததாம். 20 பேரிடம் மட்டுமே நடந்த ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும், மூலப் பொருட்களையே வைத்திருக்கும் நாம் அவற்றுக்குப் பக்கத்தில் திரையை வைத்துக் கண்ணைத் திருப்பிவிடும் முன் யோசிக்க வேண்டும்.

முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து சேலம் நகரிலுள்ள பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகம் 2017-இல் ஒரு நரம்பியல் அறிஞரையே பணியில் அமர்த்தியது. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் கலை அருங்காட்சியகத்தில் 2009-இல், பார்வையாளர்கள் அணிந்த கையுறை வழியாக இதயத்துடிப்பும், மனம் அசையும்போது வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்தலும் அளக்கப்பட்டன.

நான் கேட்பது சிறிய காரியம்தான். ஒரே ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாமல், யார் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஊழியர்கள் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த மூன்று மாதம் பொருட்களைப் பாதியாகக் குறைத்து, வெளிச்சத்தை மாற்றி, நடுவில் உட்கார இருக்கை போட்டு, ஒவ்வொரு அட்டையின் முதல் வரியிலும் ஒரு கேள்வி எழுதி வைத்து மறுபடியும் குறிக்கட்டும். கண் அசைவையும் இதயத்துடிப்பையும் அளக்கும் கருவிகளை அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் உதவியோடு, எழுத்தில் சம்மதித்த பெரியவர்களிடம் மட்டும் பயன்படுத்தலாம். குழந்தைகளிடம் கருவியே வேண்டாம், ஒரு வாரம் கழித்து நினைவிருப்பதை எழுதச் சொன்னால் போதும். உடல் சார்ந்த பதிவுகளில் பெயர் இருக்கக் கூடாது. வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. இது ஆணையிலேயே இடம்பெற வேண்டுகிறேன்.

இந்தச் சோதனை முடியும்வரை மற்றக் கூடங்களுக்குத் திரைகள் வாங்கும் முடிவைத் தள்ளிவைக்கும்படியும், கேள்விகளை எழுதும் குழுவில் கூடங்களின் காவலர்களையும் சேர்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பொருளின் முன் மக்கள் நிற்கிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். குறிப்பெடுக்கும் வேலைக்கு ஊதியமின்றி வர நானும் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்